கீச்சுக் குரல் ராணி

என் தங்கைக்கு நாற்பத்தோரு வயது. வீட்டுக்குப் போன் செய்பவர்கள் இன்னும், "பாப்பா, அம்மாகிட்ட குடும்மா" என்றுதான் சொல்கிறார்கள். அவளும் சளைக்காமல், "இருங்க, கூப்பிடறேன்" என்று போனைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "சொல்லுங்க" என்பாள். அப்போதும் அதே குரல்தான் வரும். விளையாட்டுப் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டோம் என்று பலபேர் போனை வைத்துவிடுகிறார்கள்.

அவளுக்குக் கீச்சு என்று பெயர் வைத்தவள் நான்தான். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. நான் பஸ் கண்டக்டர். நான் முன்வாசலில் நின்று பேசினால் கடைசி சீட்டில் தூங்குகிறவர் டிக்கெட்டுக்குக் கையை நீட்டுவார். அக்காவும் தங்கையும் குரலைப் பங்கு போட்டபோது பெரியவள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டாள், சின்னவளுக்கு மிச்சம் சில்லறைதான் கிடைத்தது என்று அப்பா கேலி செய்வார்.

அந்தச் சில்லறையை வைத்துத்தான் அவள் இவ்வளவு காலம் பிழைத்திருக்கிறாள். அவள் டப்பிங் பேசுகிறவள். வேறு மொழியில் எடுத்த படங்களுக்கும் தொடர்களுக்கும் நம் மொழியில் குரல் கொடுப்பது அவள் வேலை. உங்கள் வீட்டு டிவியில் ஒரு குழந்தை மழையில் நனைந்துகொண்டு "அம்மா" என்று அழுதிருந்தால், அது பெரும்பாலும் என் தங்கை. பேசும் கிளி, தொட்டிலில் அழும் பேய்க் குழந்தை, பல் விளக்க மறுக்கும் விளம்பரப் பையன் எல்லாமே அவள்தான். பெரியவர்கள் பேசும் வேடம் ஒன்றுகூட அவளுக்கு நிலைத்ததில்லை. ஒருமுறை ஒரு நர்ஸ் வேடம் கிடைத்தது. பாதி பேசியதும், நோயாளிக்கு ஊசி போடுவது ஒரு குழந்தையா என்று கேட்பார்களே எனச் சொல்லி ஆளை மாற்றிவிட்டார்கள்.

"எனக்கு வயசாகவே விடமாட்டேங்கறாங்கக்கா" என்று அன்று அவள் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகுதான் அந்த மாயாஜாலத் தொடர் வந்தது. மலையை முதுகில் சுமக்கும் ஆமை, தன் நிழலை விற்றுவிட்டு வாழும் மந்திரவாதிகள், தலையை வெட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருக்கும் வீரர்கள் என்று அதில் எதற்கும் குறைச்சல் இல்லை. வெட்டு என்றால் அப்படி ஒரு வெட்டு. ஊரில் கறிக்கடைக்காரர்கூட இத்தனை உற்சாகமாக வெட்ட மாட்டார். எனக்கு இந்த மாதிரிக் கதைகள் ஆகாது. தங்கை பேசுகிறாள் என்பதற்காக, சோபாவில் கால்களை மடக்கிக்கொண்டு, கண்ணை மூடி மூடிப் பார்த்தேன்.

அதில் ஒரு ராஜாவின் மகள் வருகிறாள். முதல் பாகத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் மேஜைக்கு அடியில் ஒளிந்திருக்கும்போது மேஜைக்கு மேலே அவள் அப்பாவைக் கொல்கிறார்கள். இரண்டாம் பாகத்தின் முடிவில் அதே பெண் ஒரு காவலாளியைக் கத்தியால் குத்துகிறாள். அவள் செய்யும் முதல் கொலை அது. அந்தப் பெண்ணுக்கு என் தங்கை குரல்.

கொலைக் காட்சிக்குக் கத்துவதுதான் கஷ்டம் என்று நான் நினைத்திருந்தேன். அது இல்லையாம். அடிபடும் சத்தத்துக்கு, கைமுட்டியால் தன் வயிற்றையே குத்திக்கொள்வாள். கழுத்தை நெரிக்கும் காட்சிக்குத் தன் கழுத்தையே பிடித்துக்கொள்வாள். வளையல் போடக் கூடாது, சத்தம் கேட்கும். பசியோடு போகக் கூடாது, வயிறு கடமுடவென்பதை மைக் பிடித்துவிடும். இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"குத்தறது சுலபம்கா. குத்தினதுக்கப்புறம் அவ எப்படி மூச்சு விடறான்றதுலதான் இருக்கு எல்லாம். முதல் தடவை மூச்சு திணறும். போகப் போக அது குறையணும். ஒரு நாள் மூச்சே மாறாம குத்துவா பாரு, அன்னைக்குத்தான் அவ கெட்டுப்போனவ."

அவள் இதைச் சொன்னபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் பாகம் வந்தது. முதல் காட்சியிலேயே இருபது வருடங்களைத் தாண்டிவிட்டார்கள். மேஜைக்கு அடியில் ஒளிந்த பெண் இப்போது பட்டம் சூட்டக் காத்திருக்கும் ராணி. தாடையில் ஒரு வெட்டுத் தழும்பு, தோளில் ஓநாய்த் தோல், யாரைப் பார்த்தாலும் எங்கே வெட்டலாம் என்று அளவெடுக்கிற பார்வை. சின்னப் பெண்ணாக நடித்தவள் போய்விட்டாள். ஆறடி உயரத்தில் வேறொரு நடிகை வந்து நின்றாள்.

நடிகை மாறினால் குரலும் மாறும். டப்பிங்கில் அதுதான் வழக்கம். டப்பிங் டைரக்டர் என் தங்கையைக் கூப்பிட்டு, இத்தனை நாள் நன்றாகச் செய்தாய், இனி ராணிக்கு வெண்கலம் பேசுவாள் என்று சொல்லிவிட்டார். வெண்கலம் என்பது டப்பிங் பேசும் இன்னொரு அம்மாளின் பட்டப்பெயர். சாமி, ராணி, மருமகளைக் கொடுமைப்படுத்தும் மாமியார் எல்லாம் அவர்தான். கணீரென்ற குரல். அவர் கோபமாகப் பேசினால் டீ கிளாஸ் அதிரும்.

என் தங்கை எதற்கும் எதிர்த்துப் பேசாதவள். ஆனால் அன்று நகரவில்லை.

"சார், முகம் மாறிடுச்சு, உடம்பு மாறிடுச்சு, இருபது வருஷம் போயிடுச்சு. இவதான் அவன்னு பாக்கறவங்க எதை வச்சு நம்புவாங்க? குரல் ஒண்ணுதான் மிச்சம். அதையும் மாத்திட்டா அந்தப் பொண்ணு செத்துப்போயிட்டான்னு அர்த்தம்."

டைரக்டர் யோசித்தார். சரி, இருவரும் ஒரே காட்சியைப் பேசிக் காட்டுங்கள் என்று ஒரு நாள் குறித்தார்.

அடுத்து நடந்தது, அந்தத் தொழிலில் ஊறியவள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. டப்பிங்கில் கத்தல், அலறல் எல்லாவற்றையும் நாளின் கடைசியில்தான் பதிவு செய்வார்கள். கத்தினால் தொண்டை போய்விடும், அப்புறம் வசனம் பேச முடியாது. அன்று பார்த்து, ஒரு கிராமத்தைக் கொளுத்தும் காட்சிக்கு ஆட்கள் எல்லோரும் காலையிலேயே கிடைத்துவிட்டார்கள் என்று சவுண்ட் இன்ஜினியர் அலறலை முதலில் வைத்துக்கொண்டார். என் தங்கை வெளியே உட்கார்ந்திருக்கலாம். மதியம் அவளுக்குக் குரல் தேர்வு. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து மைக் முன்னால் கத்தும்போது அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. உள்ளே போய் எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தி, எரிந்து, புகையில் இருமி, இரண்டு முறை செத்துவிட்டு வந்தாள்.

மதியம் வெண்கலம் பேசினார். வழக்கம்போல அறை அதிர்ந்தது. பிறகு என் தங்கை வாயைத் திறந்தாள். குரலே இல்லை. காற்றும் மணலும் கலந்து ஏதோ வந்தது. இருந்ததை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசி முடித்தாள். முடித்ததும் டைரக்டர் தொடையைத் தட்டி, "இதுதாம்மா ராணி" என்றார்.

வீட்டில் அன்று திருவிழாதான். அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். அவர் வாயைத் திறப்பதே கொட்டாவி விடத்தான். அவரே அன்று "நல்லது" என்று சொன்னார். அவள் மகள் தோழிகள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். நான் அடுத்த நாள் பஸ்ஸில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னேன். சில்லறை பாக்கி கேட்டவர்களிடமும் சொன்னேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள், தொண்டை சரியாகிவிட்டிருந்தது. மைக் முன்னால் போய் நின்று பேசினால் பழைய கீச்சு. டைரக்டர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "நேத்து வந்த குரல் எங்கம்மா?" என்று கேட்டார்.

அன்று ஆரம்பித்தது அந்தக் கூத்து. நேற்றைய குரல் வேண்டுமென்றால் நேற்றைப் போலக் கத்த வேண்டும். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் படுக்கையறை அலமாரியைத் திறந்து, புடவைகளுக்கும் சட்டைகளுக்கும் நடுவில் முகத்தைப் புதைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கத்துவாள். துணி சத்தத்தை உறிஞ்சிவிடும் என்று அவளுக்கு நம்பிக்கை. உறிஞ்சியதோ இல்லையோ, மேல்வீட்டு அம்மாளின் காதுக்குப் பாதியாவது போயிற்று. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். திறந்தவர் மாப்பிள்ளை. கையில் லிப்டுக்கு எண்ணெய் போடும் குப்பி. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத அந்த மனிதரை அவர்கள் மேலும் கீழும் பார்த்தார்கள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விளக்கம் சொல்லவோ அவருக்குப் பேச்சும் வராது. அன்று அங்கே வந்திருந்த நான்தான் உள்ளேயிருந்து ஓடிவந்து, அது ராணி, வீட்டில் அடிதடி எதுவும் இல்லை என்று புரியவைத்தேன். பிறகும் கொஞ்ச நாள் மேல்வீட்டு அம்மாள் படிக்கட்டில் அவரைப் பார்த்தால் ஒதுங்கித்தான் போனார்.

நான் சொல்லிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பாள், ஆவி பிடிப்பாள், மறுநாள் மறுபடி அலமாரிக்குள் போவாள். ஒரு நாள் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரில் ரத்தம் இருந்தது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே வீங்கியிருக்கிறது, ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது, மீறினால் குரல் நிரந்தரமாகப் போய்விடும் என்றார். கத்துவது இனி என்றைக்குமே கூடாது என்றும் சொன்னார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த டைரக்டரை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று செருப்பை மாட்டினேன். தங்கை என் கையைப் பிடித்தாள். பேசக் கூடாதே, அதனால் பார்த்தாள். செருப்பைக் கழற்றினேன்.

டைரக்டர் கெட்டவர் இல்லை. ராணி பட்டம் சூட்டிக்கொள்ளும் பகுதி வரை மற்றவர்களின் வசனங்களைப் பதிவு செய்துகொண்டு காத்திருக்கிறேன், அதற்குள் அந்தக் குரலோடு வந்தால் வேடம் உனக்கு, இல்லையென்றால் வெண்கலத்துக்கு என்று சொல்லி அனுப்பினார். அந்தக் குரலோ, இனி வரவே கூடாத குரல். எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. வேடம் போனால் போகட்டும், ஆள் மிஞ்சினால் போதும் என்று இருந்தேன். அவளிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்பத்தோரு வயதில் மறுபடியும் கிளிக்குப் பேசப் போக அவளுக்கு மனம் இல்லை.

அந்த ஒரு மாதம் அந்த வீட்டில் நான் பார்த்தது வேறு. பேச முடியாத என் தங்கை சொன்னதெல்லாம் நடந்தது. தட்டைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தால் தட்டு கழுவப்படும். நடு அறையில் கிடக்கும் எண்ணெய்க் குப்பியைப் பார்த்தால் மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு போவார். முன்பெல்லாம் பத்து முறை கீச்சுக் கீச்சென்று கூப்பிட்டாலும் "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கிற குடும்பம் அது. இப்போது பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தது. அவளும் இதைக் கவனித்திருக்கிறாள். பகலெல்லாம் அந்தத் தொடரைச் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஓடவிட்டுப் பார்த்தாள். ராணியின் முகத்தை மட்டும் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தியின் கை வெட்டப்படும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டபோது, அவள் என் முழங்கையைத் தட்டித் திரையைக் காட்டினாள். ரத்தத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. வெட்டச் சொன்னவளின் நெற்றியைப் பார்க்கச் சொன்னாள். அதில் ஒரு கோடுகூட இல்லை.

மாதம் முடிந்து டாக்டர் பேசலாம் என்றதும், அவள் முதலில் சொன்னது, "அக்கா, அவருக்குப் பிடிச்சது கரகரப்பு இல்ல. அன்னைக்கு என்கிட்ட குரல் இல்ல, அதனால ஒரு வார்த்தைகூட வீணாக்காம பேசினேன். அதுதான் அவருக்குப் பிடிச்சது. அவருக்கே தெரியல."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கீச்சுக் குரலில் ராணியா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. பட்டம் சூட்டும் பகுதி பதிவாகும் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். யாராவது அவளைக் கத்தச் சொன்னால் நடுவில் நான் புகுவது என்று முடிவு.

டப்பிங் அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளும் மைக்கும் ஒரு திரையும் மட்டும். இந்தப் பக்கம் இன்ஜினியர், அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு டைரக்டர். ஒருவேளை தேவைப்பட்டால் என்று வெண்கலத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் சுவரோரமாகக் கைப்பையோடு நின்றார். நான் கதவருகே நின்றேன். தங்கை முதலில் வணக்கம் சொன்ன உடனேயே டைரக்டரின் முகம் தொங்கிப்போயிற்று. தெளிவான, மெல்லிய, சின்னக் குழந்தையின் குரல். இது வேண்டாம்மா, தொண்டையும் போக வேண்டாம், வேடத்தை அவங்க பண்ணட்டும் என்று மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒரே ஒரு டேக் சார்" என்றாள் அவள்.

காட்சி இதுதான். ராணிக்கு இன்னும் பட்டம் சூட்டவில்லை. சபையில் தளபதிகள் வாளை உருவிக்கொண்டு ஒருவரை ஒருவர் வெட்டத் தயாராக நிற்கிறார்கள். சமாதானம் பேச வந்த தூதன் ஏற்கெனவே தரையில் செத்துக் கிடக்கிறான். ராணி உள்ளே வருகிறாள். பிணத்தைத் தாண்டி நடக்கிறாள், குனிந்து பார்க்கவில்லை. சிம்மாசனத்தின் அருகே வந்து திரும்பி, "அமருங்கள்" என்கிறாள். அந்த ஒரு சொல்தான். வெண்கலமாக இருந்தால் இதைக் கூரை இடிந்து விழும்படி சொல்லியிருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

திரையில் காட்சி ஓடியது. ராணி நடந்தாள். பிணத்தைத் தாண்டும் இடத்தில் என் தங்கை மூச்சு விட்ட விதத்தைக் கேட்டேன். மேஜைக்கு அடியில் ஒளிந்திருந்த பெண் விட்ட அதே மூச்சு, ஆனால் திணறல் ஒன்றும் இல்லை. இருபது வருடங்கள் அந்த ஒரு மூச்சுக்குள் போயிருந்தன. எத்தனை பேரைக் கொன்றிருந்தால் இப்படி மூச்சு விட முடியும் என்று நினைத்தேன். ராணி திரும்பினாள். என் தங்கை தன் சொந்தக் குரலில், ஒரு மாதம் பூட்டி வைத்திருந்த அந்தக் கீச்சுக் குரலில், கொஞ்சமும் உயர்த்தாமல் சொன்னாள்.

"அமருங்கள்."

டைரக்டர் உட்கார்ந்துவிட்டார். பின்னால் இருந்த நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெண்கலம் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து, அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்குப் பின்னால் நாற்காலி எதுவும் இல்லை. ஒயர் சுற்றி வைத்திருந்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருட வேலையில் ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கத்திக் கத்தி உட்காரவைத்தவள் நான். என்னை யாரும் இப்படி உட்காரவைத்ததில்லை.

வெண்கலம்தான் முதலில் சிரித்தார்.

"நம்ம எல்லாரையும் உட்கார வச்சுட்டா சார். நான் வீட்டுக்குப் போறேன்."

அவர் எழுந்து, கண்ணாடி வழியே என் தங்கையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். டைரக்டர் எழவில்லை. இன்ஜினியரிடம், இதை வைத்துக்கொள், முன்பு கரகரத்துப் பேசியதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், அடுத்த காட்சிக்குப் போ என்று மட்டும் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் தங்கைக்கு எங்கள் யாருடைய முகமும் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. "சார், ஓகேவா? இன்னொண்ணு பண்ணட்டுமா?" என்று குழந்தைக் குரலில் கேட்டாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்களைப் பெற்றவர்கள் இருந்திருந்தால் அவர்களுக்கு வந்திருக்க வேண்டியதும் சேர்ந்து எனக்கே வந்துவிட்டது. அன்று முழுவதும் அவள் ராணியாகப் பேசினாள். ஒருவனைச் சிறையில் தள்ளினாள், இரண்டு பேரைக் கொல்லச் சொன்னாள், ஒரு குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எதற்கும் குரலை உயர்த்தவில்லை. இன்ஜினியர் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, நாற்காலியில் உட்காருங்கள் என்றார். வேண்டாம் என்றேன்.

வேலை முடிந்து அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நான் இன்னும் அந்த மரப்பெட்டியின் மேலேயே இருந்தேன்.

"என்னக்கா இங்க உட்கார்ந்திருக்க? எழுந்திரு, போலாம்" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எழுந்தேன்.